பதறாத உடல்

உயர்ந்த மலைகளில் விலங்குகள் மூச்சுத் திணறாமல் வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால், நான் பல ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லி வந்தேன்: அவற்றின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம், ஆகவே கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் அவை அள்ளிக்கொள்கின்றன. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள் மட்டும் தலையாட்டவில்லை. "அப்போ ரத்தம் கெட்டியாகிடாதா, சித்தப்பா?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், நான் சொல்லி வந்தது ஏறக்குறைய தலைகீழான செய்தி என்று தெரிந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காற்றைப் பற்றி. மலை உச்சியில் ஆக்சிஜன் குறைவு என்று நாம் சொல்வது சரிதான் என்றாலும், காற்றில் அதன் பங்கு அங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலின் காற்றறைகளிலிருந்து ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான் என்பதால், அது தளரும்போது ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது குறைகிறது. குளிருக்கு அடர்ந்த மயிர் உண்டு, பசிக்கு இடம்பெயர்தல் உண்டு. இந்தக் குறையிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வளையோ குகையோ கிடையாது.

தாழ்நிலத்து விலங்கு ஒன்றை மேலே கொண்டுபோனால் அதன் உடல் சும்மா இருப்பதில்லை. மூச்சு வேகமெடுக்கிறது. சில நாள்களில் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. நுரையீரலுக்குள் ஓடும் சிறு தமனிகள் சுருங்குகின்றன. கீழே இறக்கிவிட்டால் சில வாரங்களில் இவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது பழக்கப்படுதல், மரபுவழித் தகவமைவு என்பது வேறு. நான் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தேன் என்பது மட்டுமல்ல, முன்னதை மிகைப்படுத்தினால் பின்னது வந்துவிடும் என்றும் எண்ணியிருந்தேன்.

உண்மையில் இந்த எதிர்வினைகளில் இரண்டு மலைக்காக உருவானவை அல்ல என்றே தோன்றுகிறது. சிவப்பணுக்களைப் பெருக்கும் ஏற்பாடு இரத்தம் இழந்த உடலுக்கு வாழ்வளிக்கும்: காயத்தால் இரத்தம் போனால் திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது, உடல் இரத்தத்தை ஈடுசெய்கிறது. நுரையீரல் தமனிகள் சுருங்குவதும் அப்படித்தான். நுரையீரலின் ஒரு பகுதி சளியாலோ நோயாலோ அடைபட்டிருந்தால், அந்தப் பகுதிக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்காமல் நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுவதற்கு அந்தச் சுருக்கம் உதவுகிறது. மலையில் ஏற்படும் ஆக்சிஜன் குறையோ ஒரு பகுதிக்கு மட்டும் உரியதன்று. நுரையீரல் முழுவதும் ஒரே சமயத்தில் குறையை உணர்ந்து முழுவதும் சுருங்கிக்கொள்கிறது. அவ்வளவு தடைக்கும் எதிராக இரத்தத்தைத் தள்ள வேண்டிய பொறுப்பு இதயத்தின் வலப்பக்கத்தின் மேல் விழுகிறது. அதே வேளையில் சிவப்பணுக்கள் பெருகியதால் இரத்தமும் கூழாகத் தடித்திருக்கிறது. என் அண்ணன் மகள் கேட்டது இதைத்தான்.

இதன் விளைவு என்ன என்பதை அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதி மாடுகள் காட்டின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளில் ஒரு நோய் விவரிக்கப்பட்டது. கழுத்தின் கீழும் நெஞ்சின் முன்புறமும் நீர் கோத்து வீங்கி, மாடு தளர்ந்து, பல சமயம் இறந்துபோயிற்று. நெஞ்சு வீங்கினாலும் கோளாறு நெஞ்சின் தசையில் இல்லை. நுரையீரல் தமனிகளின் அழுத்தம் ஏறியதால் வலது இதயம் தோற்றுப்போய், உடலில் நீர் தேங்கியதன் வெளித்தோற்றம் அது. எல்லா மாடுகளுக்கும் இது வருவதில்லை, சில வம்சங்களில் அடிக்கடி வருகிறது என்பதால் மரபுக் கூறு இருப்பது தெளிவாயிற்று. மலைப் பண்ணைகளில் காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நுரையீரல் தமனி அழுத்தத்தை அளந்து பார்க்கும் வழக்கமும் அதனால்தான் வந்தது.

இனி யாக்கைப் பார்ப்போம். கவரிமா என்று தமிழ் முன்னரே பெயரிட்டு வைத்திருந்த விலங்கு இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். 'மா' என்பதை 'மான்' ஆக்கி அதை மானினத்தில் சேர்த்துவிட்டது பிற்காலத்தவர் கைவண்ணம். மாட்டுக்கு மிக நெருங்கிய இந்த உறவினத்தின் நுரையீரல் தமனிகளில் தசைச்சுவர் மெல்லியது. ஆக்சிஜன் குறைந்தாலும் அவை பெரிதாகச் சுருங்குவதில்லை. 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. லடாக்கில் யாக்குகளையும், மாடுகளையும், இரண்டும் கலந்து பிறந்த ஸோக்களையும், அந்தக் கலப்பை மறுபடியும் மாட்டோடு சேர்த்துப் பெற்ற ஸ்டோல்களையும் எடுத்துக்கொண்டு நுரையீரல் இரத்த ஓட்டத்தின் தடையை அளந்தார்கள். ஸோக்கள் யாக்கைப் போலவே குறைந்த தடை காட்டின. ஸ்டோல்களோ இரு குழுவாகப் பிரிந்தன: சில யாக்கைப் போல, சில மாட்டைப் போல. மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்த எவருக்கும் இந்தப் பிரிவு பழக்கமானதாகத் தோன்றும். ஓங்கு பண்பாகக் கடத்தப்படும் ஒன்று இங்கே வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மரபணுத் தொகுதியையே படிக்கும் இன்றைய நிலையில், கதை ஒரே மரபணுவோடு முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை; ஆனாலும் டி.என்.ஏ.வைத் தொடாமல், வம்சாவளியையும் அழுத்தமானியையும் மட்டும் கொண்டு, யாக் தன் தகவமைவை ஓர் எதிர்வினையைக் கைவிட்டே பெற்றது என்று சொல்ல முடிந்ததே, அது சிறிய செயலன்று.

இந்த எதிர்வினைகளின் பின்னால் இருக்கும் பொறியமைப்பு இப்போது நன்றாகத் தெரியும். அதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹிஃப் என்னும் புரதத்தை நம் செல்கள் எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்வரை ஒரு நொதி அதன்மேல் குறியிட்டு, சில நிமிடங்களிலேயே அது அழிக்கப்படும்படி செய்துவிடுகிறது. தயாரிப்பதும் அழிப்பதுமான இந்த வேலை வீண்செலவு போலத் தெரியும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த கணமே குறியிடும் நொதி முடங்கிவிட, ஹிஃப் அழியாமல் சேர்ந்து, எரித்ரோபொய்டின் உட்பட நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அபாய மணிக்கு ஒப்பிட்டால், மணியின் நாவை ஒரு கை எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கைக்கு வலிமை ஆக்சிஜனிலிருந்து வருகிறது. குறியிடும் அந்த நொதிக்கான மரபணு எக்ளன்1. ஹிஃப் குடும்பத்துப் புரதம் ஒன்றுக்கான மரபணு ஈபாஸ்1. உயர்மலை உயிர்களின் மரபணுத் தொகுதிகளைப் படித்தவர்கள் இந்த இரு பெயர்களையே திரும்பத் திரும்பக் கண்டார்கள். திபெத்திய மக்களிடம், திபெத்திய மாஸ்டிஃப் நாய்களிடம், வெந்நீரூற்றுகளின் அருகே வாழும் திபெத்தியப் பாம்பு ஒன்றிடம், வட அமெரிக்க மலை எலிகளிடமும்கூட ஈபாஸ்1இல் இயற்கைத் தேர்வின் தடயம் இருக்கிறது. திபெத்தியரில் அதன் விளைவு தெளிவானது: ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் வாழ்ந்தும் அவர்களில் பலருடைய ஹீமோகுளோபின் அளவு கடல்மட்டத்து மனிதர்களின் அளவுக்கு அருகிலேயே நிற்கிறது. அவர்களின் மணி மெல்ல ஒலிக்கிறது. கொலராடோ மாடுகளின் நோயோடும் ஈபாஸ்1இன் சில வடிவங்கள் தொடர்புடையவை என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே மரபணு, ஒரு திசையில் மாறினால் மருந்து, மற்றொரு திசையில் மாறினால் நோய்.

இந்த மென்மையான மணியைத் திபெத்தியர் தாமே உருவாக்கிக்கொள்ளவில்லை என்பது கதையின் அடுத்த திருப்பம். அவர்களின் ஈபாஸ்1 வடிவம், சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த எலும்பின் வழியாக நாம் அறிந்துகொண்ட, அழிந்துபோன டெனிசோவ மனிதர்களிடமிருந்து கலப்பால் வந்தது என்று 2014இல் தெரியவந்தது. அவர்களோடு மேலேறிய நாய்களின் கதையும் அதே போன்றதுதான்: மாஸ்டிஃபின் ஈபாஸ்1 வடிவம், அதற்கு முன்பே மலையில் வாழ்ந்திருந்த திபெத்திய ஓநாய்களிடமிருந்து வந்தது. யாக்கின் மரபணுத் துண்டுகள் திபெத்திய மாடுகளுக்குள் நுழைந்திருப்பதும் தெரியும். பொருத்தமான திடீர்மாற்றம் தன்னில் தோன்றும்வரை ஓர் இனம் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய குடியோடு மணவுறவு கொண்டால் சில தலைமுறைகளில் கிடைத்துவிடும். மாஸ்டிஃபின் ஹீமோகுளோபினிலோ இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் பிடிப்பைக் கூட்டும் இரண்டு அமினோ அமில மாற்றங்கள் அதில் உண்டு. அவை ஓநாய்களில், அருகே செயலற்றுக் கிடந்த ஒரு போலி மரபணுவிலிருந்து செயல்படும் மரபணுவுக்குள் நகலாகி வந்தவை. பழுதடைந்து மூலையில் கிடந்த வண்டியிலிருந்து கழற்றிய ஓர் உதிரி, ஓடும் வண்டிக்குப் பொருந்திவிட்டது போல.

ஹீமோகுளோபின் என்றதும் ஒரு குழப்பத்தை முதலில் களைய வேண்டும். அதன் அளவைக் கூட்டுவது ஒன்று. அதன் தன்மையை மாற்றுவது மற்றொன்று. இரத்தத்தைத் தடிப்பாக்காமல், ஒவ்வொரு மூலக்கூறும் ஆக்சிஜனை இன்னும் இறுகப் பற்றும்படி செய்ய முடியும். ஆனால் இறுகப் பற்றும் கை எளிதில் கொடுப்பதில்லை. நுரையீரலில் கிடைக்கும் ஆதாயம் தசையில் நட்டமாகலாம். மிதமான உயரத்தில் இந்தப் பேரம் கட்டுப்படியாகாது. ஏற்றும் இடத்திலேயே பற்றாக்குறை கடுமையாகும் மிக உயர்ந்த இடங்களில்தான் இறுகிய பிடி நன்மையாகிறது.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவின் மேட்டுநிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இந்தியச் சமவெளிகளுக்கு வரும் இந்தப் பறவை வழியில் இமயமலையைக் கடக்கிறது. ஹீமோகுளோபின், ஆல்ஃபா, பீட்டா என்னும் இருவகை அமினோ அமிலச் சங்கிலிகளால் ஆனது. இந்தப் பறவையின் ஆல்ஃபா சங்கிலியில் 119ஆம் இடத்தில் புரோலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக அலனின் இருப்பதை வைத்து, ஹீமோகுளோபினின் கட்டமைப்பைக் கண்டறிந்த மாக்ஸ் பெருட்ஸ் 1983இல் ஒரு விளக்கம் தந்தார். அந்த இடம் பீட்டா சங்கிலியின் 55ஆம் இடத்தோடு தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜனை விட்டுவிடும் வடிவத்தை நிலைநிறுத்துவதில் அந்தத் தொடுகைக்குப் பங்குண்டு. சிறிய அமினோ அமிலமாகிய அலனின் வந்தால் அங்கே ஓர் இடைவெளி விழும், மூலக்கூறு ஆக்சிஜனைப் பற்றிய வடிவத்தின் பக்கம் சாயும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வாத்தில் அதே தொடுகை எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது பீட்டா 55இல் நேர்ந்த மாற்றத்தால், அறுந்திருக்கிறது. இரு கண்டங்களில் இரு பறவைகள் ஒரே தாழ்ப்பாளை வெவ்வேறு பக்கத்திலிருந்து தளர்த்தியிருக்கின்றன. 1991இல் மனித ஹீமோகுளோபினிலேயே இந்த மாற்றங்களைப் பொறியியல் முறையில் புகுத்திப் பார்த்தார்கள்; பிடிப்பு கூடியது. பின்னர் வந்த ஆய்வுகள் வரித்தலை வாத்தில் வேறு சில மாற்றங்களும் பங்கேற்பதைக் காட்டினாலும் பெருட்ஸின் கணிப்பு நின்றது. இந்த வாத்து எவரெஸ்டுக்கு மேலே பறக்கிறது என்று நானும் ஒருகாலத்தில் சொல்லித் திரிந்தேன். கருவி பொருத்திக் கண்காணித்தபோது பதிவான உயரம் 7,290 மீட்டர், அதுவும் அரிதாக. பெரும்பாலும் அவை நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே, கணவாய்க்குக் கணவாய் ஏறி இறங்கிப் பறக்கின்றன. ஏறிய உயரத்தைக் கைவிட்டு மறுபடி ஏறுவது முட்டாள்தனமாகத் தோன்றினாலும், அடர்ந்த காற்றில் சிறகடிப்பதற்கு ஆகும் செலவு குறைவு என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

இரு வாத்துகளின் கதையைப் படித்தவுடன், மலையில் வாழ இன்ன இடத்தில் இன்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்னும் ஆசை எழும். அந்த ஆசையைக் கெடுத்தது 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று. 56 பறவை வகைகளை, உயர்நிலத்தவையும் அவற்றின் தாழ்நிலத்து உறவுகளுமாக இணைகட்டி ஒப்பிட்டார்கள். உயர்நிலத்தவற்றின் ஹீமோகுளோபின் திரும்பத் திரும்ப இறுகிய பிடி கொண்டிருந்தது. ஆனால் அந்த இறுக்கத்தைத் தந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக இருந்தன. ஆண்டிஸ் மலையின் ஓசனிச்சிட்டுகளில் (ஹம்மிங் பறவைகளில்) பீட்டா சங்கிலியின் 13, 83 ஆகிய இடங்களில் ஒரே வகை மாற்றம் பலமுறை நிகழ்ந்திருந்தது. அவை நெருங்கிய உறவினங்கள். அதே மாற்றத்தை, மீட்டுருவாக்கிய பழைய மூதாதைப் புரதத்தில் புகுத்தினால் பலன் இல்லை. மரபணுவில் ஓர் எழுத்தின் பொருள் அதைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் பொறுத்தது என்பதே காரணம். கடல்மட்டத்திலிருந்து 4,300 மீட்டர்வரை பரவி வாழும் வட அமெரிக்க டீர் மவுஸ் எலியில் இதை 2013இல் நேரடியாகவே காட்டினார்கள்: ஒரு பின்னணியில் ஆக்சிஜன் பிடிப்பைக் கூட்டும் அதே மாற்றம் வேறொரு பின்னணியில் அதைக் குறைக்கிறது. 'மலைக்கான மரபணு கண்டுபிடிப்பு' என்று செய்தித் தலைப்பு வரும்போதெல்லாம் எனக்கு இந்த எலி நினைவுக்கு வருகிறது.

மாற்றம் மட்டுமல்ல, இழப்பும் வழியாகும். சிரு என்னும் திபெத்திய இரலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டினத்துக்கு உறவான விலங்கு அது. வெள்ளாட்டிலும் செம்மறியிலும் குட்டிப் பருவத்துக்கென ஒரு ஹீமோகுளோபின் உண்டு. அது ஆக்சிஜனை இறுகப் பற்றும். வளர்ந்ததும் அது நின்று, வேறொரு மரபணு பொறுப்பேற்கிறது. பின்னாளில் கடும் இரத்தசோகை வந்தால் மட்டும் பழையது மறுபடி தலைகாட்டும். சிருவிலோ பெரியவர்களுக்கான அந்த மரபணு இருந்த குரோமோசோம் பகுதியே அழிந்துபோயிற்று. வாழ்நாள் முழுவதும் அது குட்டியின் ஹீமோகுளோபினோடு ஓடித் திரிகிறது. நெருக்கடிக்கென வைத்திருந்த ஒன்று அன்றாடமாகிவிட்டது. 2020இல் இது விளக்கப்பட்டபோது, ஒரு மரபணுவை இழந்ததே மலை வாழ்வுக்கான தகுதியாயிற்று என்பதை நான் இருமுறை படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆண்டிஸின் லாமாவும் விக்குன்யாவும் வேறொரு நெம்புகோலைப் பிடித்தன. சிவப்பணுக்களுக்குள் டி.பி.ஜி. என்னும் சிறு மூலக்கூறு உண்டு. அது ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனை விடும்படி தூண்டும். லாமாக்களின் பீட்டா சங்கிலியில் இரண்டாம் இடத்தில் ஏற்பட்ட மாற்றத்தால் டி.பி.ஜி. சரியாக ஒட்டுவதில்லை, ஆகவே பிடி இறுகுகிறது. அவற்றின் நீள்வட்டச் சிவப்பணுக்களையும் மலைத் தகவமைவு என்று எழுதுவோர் உண்டு. இவற்றின் உறவினமான பாலைவனத்து ஒட்டகத்துக்கும் அதே வடிவம்தான். குடும்பச் சொத்தை மலையின் கணக்கில் எழுதக்கூடாது.

அதே டி.பி.ஜி. நெம்புகோல்தான் பனிச்சிறுத்தையின் புதிருக்கும் இட்டுச் செல்கிறது. இமயத்தின் உச்சிப் பாறைகளில் நீலச்செம்மறிகளைத் துரத்தும் அந்த விலங்கின் இரத்தம் அசாதாரணமாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 2015இல் அதை அளந்தவர்கள் கண்டது வேறு: சிங்கம், புலி முதலிய தாழ்நிலத்துப் பெரும்பூனைகளின் ஹீமோகுளோபினைப் போலவே அதுவும் ஆக்சிஜனைத் தளர்வாகவே பற்றுகிறது. பூனைக் குடும்பத்தின் பீட்டா சங்கிலியில் அதே இரண்டாம் இடம் வெகுகாலத்துக்கு முன்பே மாறிவிட்டது, டி.பி.ஜி.க்கு அங்கே ஏற்கெனவே பெரிய செல்வாக்கு இல்லை. லாமா இழுத்த நெம்புகோல் பூனையிடம் முன்பே கழன்று கிடந்தது, அதனால்தான் அந்த வழி பனிச்சிறுத்தைக்கு மூடியிருந்தது என்று எனக்குப் படுகிறது. 2013இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது எக்ளன்1, ஈபாஸ்1 இரண்டிலும் அதற்கே உரிய மாற்றங்கள் கிடைத்தன. பிடியை இறுக்க முடியாத அந்தப் பூனையின் உடலிலும் மணி மட்டும் மாறியிருக்கிறது.